எதுவும் எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? ரஸ்ட் திட்டத்தில் மெமரி பாதுகாப்பு: முழு வழிகாட்டி

புதிதாக ஒரு சிஸ்டம்ஸ் மொழியைக் கையில் எடுக்கும்போது, "இதில் பாதுகாப்பாக எழுத முடியுமா?" என்று நான் கேட்பதில்லை. சி-யிலும் பாதுகாப்பாக எழுத முடியும், கையும் கவனமும் ஒத்துழைத்தால். நான் கேட்பது வேறு: நள்ளிரவு தாண்டி, பாதித் தூக்கத்தில், எதையும் விசேஷமாக எழுதாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்?

பத்து இடம் உள்ள ஒரு அரே. 0 முதல் 9 வரைதான் நமக்குச் சொந்தம். அதில் இன்டெக்ஸ் 10-இல் எழுதுகிறோம். சி-யில் அது பக்கத்து வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கிற வேலை. கேட்க ஆளில்லை, ஆணி என்றைக்கு யார் காலில் குத்தும் என்றும் தெரியாது. ரஸ்ட் என்ற மொழியில் அதே வரியில் புரோகிராம் நின்றுவிடும். ரஸ்டிலும் இந்தச் சோதனை இல்லாமல் எழுத வழி உண்டு, சி-யிலும் அட்ரஸ் சானிடைசர் என்ற பிழை பிடிக்கும் கருவியைப் போட்டுச் சோதனையோடு ஓட்ட வழி உண்டு. எதற்கு மெனக்கெட வேண்டும், எது சும்மா கிடைக்கும் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. அந்தச் சும்மா கிடைப்பதைத்தான் டீஃபால்ட் என்கிறோம்.

2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை ஞாபகம் இருக்கலாம். இணையப் பேச்சை ரகசியமாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற சி லைப்ரரியில், எதிர்முனை "என் செய்தியின் நீளம் இவ்வளவு" என்று சொன்ன எண்ணை அப்படியே நம்பி, அத்தனை பைட்டையும் நகலெடுத்துத் திருப்பி அனுப்பியது ஒரு ஃபங்ஷன். செய்தி ஒரே ஒரு பைட். சொன்ன நீளம் 65,535 வரை போகலாம். மீதி எங்கிருந்து வந்தது? சர்வரின் மெமரியில் பக்கத்தில் என்ன கிடந்ததோ அதிலிருந்து. எழுதியவர் அறியாதவர் அல்ல. ஒரு 'இஃப்' விட்டுப்போனது, விட்டுப்போனதை மொழி கேட்கவில்லை.

2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்புத் திருத்தங்களைக் கணக்கெடுத்தபோது, சுமார் 70 சதவீதம் இப்படி மெமரியைத் தப்பாகத் தொடும் பிழைகள் என்று தெரிந்தது. 2020-இல் குரோம் பிரவுசரின் அடிப்படையான குரோமியத்தின் குழுவும் தன் தீவிரமான பாதுகாப்புப் பிழைகளில் ஏறத்தாழ அதே 70 சதவீதத்தைச் சொன்னது. ஆண்ட்ராய்டில் புதுக் கோடை மெமரி பாதுகாப்புள்ள மொழிகளுக்கு மாற்றிக்கொண்டே வந்ததில், இந்த வகைப் பிழைகளின் பங்கு 2019-இல் 76 சதவீதமாக இருந்தது 2024-இல் 24 சதவீதமாக இறங்கியது. பழைய சி++ கோடை அவர்கள் தூக்கி எறியவில்லை. புதிதாக எழுதுவதன் டீஃபால்ட்டை மாற்றினார்கள்.

இனி ஒரு ரஸ்ட் திட்டத்தை எடுத்து, அதில் எந்த டீஃபால்ட்டை அப்படியே விடலாம், எதை நாமே மாற்றவேண்டும், எது நமக்குக் கிடைக்கவே கிடைக்காது என்று வரிசையாகப் பார்ப்போம். ரஸ்ட் 1.85 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு போதும். 2024 எடிஷன் (மொழி விதிகளின் தொகுப்பு) அதில்தான் வந்தது. ஆறாவது படிக்கு மட்டும் நைட்லி எனும் சோதனைப் பதிப்பும் வேண்டும். ரஸ்டப் என்ற கருவி வழியாக நிறுவியிருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

படி 1: கம்பைலர் என்ன தருகிறது என்பதை ஒருமுறை கண்ணால் பாருங்கள்

படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒருமுறை உடைத்துப் பார்ப்பது மேல். ஒரு 'வெக்' (வளரக்கூடிய அரே) உருவாக்கி அதில் மூன்று எண்களைப் போடுங்கள். முதல் எண்ணுக்கு ஒரு ரெஃபரன்ஸ் எடுத்து 'முதல்' என்ற வேரியபிளில் வையுங்கள். அடுத்த வரியில் வெக்கில் நான்காவது எண்ணை 'புஷ்' செய்யுங்கள். அதற்கடுத்த வரியில் 'முதல்' என்பதை பிரின்ட் செய்யுங்கள்.

கம்பைல் ஆகாது. பிழை எண் இ0502. அந்த வெக் ஏற்கெனவே படிப்பதற்காகக் கடன் போயிருக்கிறது, அது திரும்பி வருமுன் மாற்றுவதற்காகக் கடன் தரமுடியாது என்று சொல்லும். எந்த வரியில் கடன் போனது, எந்த வரியில் மறுபடி பயன்பட்டது என்பதையும் கோடு போட்டுக் காட்டும்.

புதிதாக வருபவர்களுக்கு இது அநியாயமாகத் தெரியும். "ஒரு எண்ணைச் சேர்த்தால் முதல் எண்ணுக்கு என்ன வந்தது?" வந்தது இதுதான்: மூன்று எண்களுக்கு எடுத்த இடத்தில் நான்காவது கொள்ளாது. வெக் வேறிடத்தில் பெரிய மனை வாங்கி, எல்லாவற்றையும் அங்கே தூக்கிப்போய், பழைய மனையைத் திருப்பிக் கொடுத்துவிடும். நம் 'முதல்' இன்னும் பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும். சி++ வெக்டரில் இதே மூன்று வரி எச்சரிக்கையின்றி கம்பைல் ஆகும். சில சமயம் சரியான விடையும் வந்துவிடும், ஏனென்றால் பழைய மனையில் இன்னும் யாரும் குடிவந்திருக்க மாட்டார்கள். சில சமயம் சரியாக வருவதுதான் இதில் வயிற்றைக் கலக்குகிற விஷயம். டெஸ்ட் பாஸ் ஆகிவிடலாம்.

இந்தப் பரிசோதனை முழுக்க கம்பைல் நேரத்தில் முடிந்துவிடுவதால், ஓடும்போது ஒரு நானோசெகண்ட் செலவும் கிடையாது. ஒரு மதிப்புக்கு ஒரே உரிமையாளர். படிக்க எத்தனை பேர் வேண்டுமானாலும் கடன் வாங்கலாம், மாற்ற ஒருவர்தான், இரண்டும் ஒரே சமயத்தில் கூடாது. விடுவித்த மெமரியைத் தொடுவது, இரண்டு முறை விடுவிப்பது, இரண்டு த்ரெட் ஒரே இடத்தில் ஒன்றையொன்று கேளாமல் எழுதுவது ஆகிய மூன்றும் இந்த ஒரு விதியிலேயே அடைபட்டுப் போகின்றன. இந்த டீஃபால்ட்டில் கை வைக்க எதுவுமில்லை, அப்படியே விடுங்கள்.

படி 2: எல்லைச் சோதனையைக் கழற்றாதீர்கள்

இன்டெக்ஸ் எல்லைக்குள் இருக்கிறதா என்ற சோதனை ஓடும்போது நடப்பது. ரிலீஸ் பில்டில் அது காணாமல் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பலரைப் பார்த்திருக்கிறேன். போகாது. டீபக், ரிலீஸ் இரண்டிலும் இருக்கும். எல்லைக்கு வெளியே போக வழியில்லை என்று கம்பைலரால் நிரூபிக்க முடிந்த இடத்தில் மட்டும் ஆப்டிமைசர் அதை எடுத்துவிடும்.

வேகம் போதவில்லை என்றதும், சோதனையில்லாமல் எடுக்கும் 'கெட் அன்செக்ட்' பக்கம் ஓடுவது ஒரு வியாதி. எனக்கும் இருந்தது. ஒரு படச் சுருக்க வேலையில் ஒரு முழு நாள் செலவழித்து எல்லைச் சோதனைகளை எல்லாம் கழற்றினேன். புரொஃபைலரில் வித்தியாசமே தெரியவில்லை, நேரமெல்லாம் டிஸ்க்கில் போய்க்கொண்டிருந்தது. இன்டெக்ஸ் போட்டுச் சுற்றும் லூப்பை இட்டரேட்டராக மாற்றினால் பெரும்பாலான சோதனைகள் தானே மறையும். அது முடியாவிட்டால், லூப்புக்கு முன்னால் ஸ்லைஸை ஒருமுறை தேவையான நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். சோதனை அங்கே ஒரு தடவை நடக்கும், உள்ளே நடக்க வேண்டியிருக்காது.

படி 3: ஓவர்ஃப்ளோ, நீங்களே மாற்ற வேண்டிய டீஃபால்ட்

ரஸ்டின் டீஃபால்ட்டுகளில் எனக்கு உடன்பாடில்லாதது இது ஒன்றுதான். முழு எண் கணக்கு வழிந்தால் (விடை அந்த எண் வகையில் கொள்ளாமல் போனால்) டீபக் பில்டில் பேனிக் ஆகும், அதாவது பிழை சொல்லி நின்றுவிடும். ரிலீஸ் பில்டில் சத்தமில்லாமல் சுற்றிவந்து சின்ன எண்ணாக நிற்கும். ஒரே கோட், இரண்டு நடத்தை. 2015-இல் முதல் பதிப்பு வருமுன் நடந்த வாதங்களில் வேகத்தை முன்வைத்து எடுத்த சமரசம் அது.

கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஒரு படக் கோப்பைப் படிக்கிறீர்கள். தலைப்பில் அகலம் 65,536, உயரம் 65,536 என்று இருக்கிறது. இரண்டையும் 'யு32' (குறியில்லாத 32 பிட் முழு எண்) ஆகப் படித்துப் பெருக்கி, அத்தனை பைட்டுக்கு பஃபர் எடுக்கிறீர்கள். பெருக்கினால் 4,294,967,296. அது 2-இன் 32-ஆம் அடுக்கு. யு32-இல் கொள்ளும் மிகப் பெரிய எண்ணைவிடச் சரியாக ஒன்று அதிகம். டீபக் பில்டில் பெருக்கல் வரியிலேயே பேனிக். ரிலீஸில் விடை 0. பூஜ்ய பைட் பஃபர் ஒன்றை எடுத்துக்கொண்டு, கோட் நிம்மதியாக அடுத்த வரிக்குப் போகும்.

சி-யில் இதற்குப் பிறகு வருவதுதான் ஹீப் ஓவர்ஃப்ளோ, எடுத்த இடத்தைத் தாண்டி எழுதுவது. இப்படிப் படக் கோப்பு வழியாகத் திறக்கப்பட்ட மெஷின்கள் ஏராளம். ரஸ்டில் முதல் பிக்சலை எழுதப் போகும்போது, நீளம் 0, இன்டெக்ஸ் 0 என்று எல்லைச் சோதனை பிடித்துவிடும். ஆக மெமரி தப்பியது. ஆனால் பிழை நடந்த இடம் வேறு, பிடிபட்ட இடம் வேறு; நடுவில் ஆயிரம் வரி இருக்கலாம். அந்த ஆயிரம் வரிக்குள் யாரோ வேகத்துக்காக ஒரு 'கெட் அன்செக்ட்' போட்டிருந்தால் கதை சி-யின் கதையேதான். அதனால் இதை டீஃபால்ட்டிலேயே விடாதீர்கள்.

செய்யவேண்டியது: திட்டத்தின் அமைப்புகள் இருக்கும் கார்கோ.டாமல் கோப்பில் 'புரொஃபைல்' பகுதியின் 'ரிலீஸ்' பிரிவில் 'ஓவர்ஃப்ளோ-செக்ஸ்' என்பதை 'ட்ரூ' ஆக்குங்கள். ஒரே வரி. கணக்கே மூச்சாக இருக்கும் கோடில் கொஞ்சம் வேகம் குறையலாம்; உங்கள் கோடில் எவ்வளவு என்பதை அளந்து பாருங்கள். சுற்றிவருவதுதான் வேண்டும் என்கிற இடங்கள் (ஹேஷ், செக்சம், கிரிப்டோ) இந்த வரிக்குப் பின் பேனிக் ஆகும். அங்கே 'ராப்பிங்' என்று தொடங்கும் ஃபங்ஷன்களைப் பயன்படுத்துங்கள், அடுத்து படிப்பவருக்கும் நோக்கம் புரியும். வெளியிலிருந்து வந்த எண்களில் கணக்குப் போடும் இடங்களில் பேனிக்குக்கூட அதிகம். 'செக்ட்' வகை ஃபங்ஷன்களைக் கூப்பிட்டு, 'நன்' (விடை இல்லை) வந்தால் கோப்பு தப்பு என்று முறையாகத் திருப்பி அனுப்புங்கள்.

இதோடு ஒட்டியது, எண்ணின் வகையை மாற்றும் 'ஆஸ்'. ஒரு வேரியபிளில் உள்ள 300-ஐ 'ஆஸ் யு8' என்று எழுதினால் 44 வரும். வேரியபிளில் உள்ள கழித்தல் 1-ஐ 'ஆஸ் யு32' என்றால் 4,294,967,295. டீபக், ரிலீஸ் எதிலும் பேனிக் கிடையாது; மேலே சொன்ன ஓவர்ஃப்ளோ வரியும் இதைத் தொடாது. நீளம், இன்டெக்ஸ், கோப்பு அளவு சம்பந்தப்பட்ட இடங்களில் 'ஆஸ்' இருந்தால் 'ட்ரை_ஃப்ரம்' ஆக மாற்றுங்கள். கிளிப்பி என்ற கோட் சோதனைக் கருவியில் 'காஸ்ட்_பாசிபிள்_ட்ரங்கேஷன்' என்ற எச்சரிக்கையை இயக்கிவிட்டால், எண் வெட்டுப்படக்கூடிய இடங்களை அதுவே பட்டியல் போட்டுத் தரும். பட்டியல் நீளமாக இருக்கும், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

படி 4: அன்சேஃபுக்குப் பூட்டு

'அன்சேஃப்' பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது: அந்தச் சொல்லைப் போட்டால் எல்லாச் சோதனையும் அணைந்துவிடும் என்று. அணையாது. கடன் விதிகள் உள்ளேயும் அப்படியேதான். கூடுதலாக ஐந்து காரியங்களுக்கு அனுமதி கிடைக்கிறது, அவ்வளவுதான்: ரா பாய்ண்டரை (சோதனையற்ற முகவரியை) திறந்து பார்ப்பது, அன்சேஃப் ஃபங்ஷனைக் கூப்பிடுவது, மாறக்கூடிய ஸ்டாட்டிக்கைத் தொடுவது, அன்சேஃப் ட்ரெய்ட்டை அமல்படுத்துவது, யூனியனின் ஃபீல்டைப் படிப்பது.

உங்கள் கிரேட்டுக்கு (ரஸ்டில் ஒரு புரோகிராம் அல்லது லைப்ரரி) இந்த ஐந்தும் தேவையில்லை என்றால் (பெரும்பாலான பயன்பாட்டுக் கோடுக்குத் தேவையில்லை) கதவைப் பூட்டிவிடுங்கள். கார்கோ.டாமலில் 'லின்ட்ஸ்' (எச்சரிக்கை விதிகள்) பகுதியின் 'ரஸ்ட்' பிரிவில் 'அன்சேஃப்_கோட்' என்பதற்கு 'ஃபர்பிட்' என்று கொடுங்கள். 'டினை' கொடுத்தாலும் பிழை வரும். ஆனால் கோடில் எங்காவது ஒருவர் 'அலவ்' என்று எழுதி அதைத் திறந்துகொள்ளலாம். ஃபர்பிட்டை உள்ளிருந்து திறக்க முடியாது. இந்த லின்ட்ஸ் பகுதி 2023 நவம்பரில் வந்த 1.74-இலிருந்து இருக்கிறது, பல கிரேட் உள்ள வொர்க்ஸ்பேஸில் ஒரே இடத்தில் எழுதிவிட்டு ஒவ்வொரு கிரேட்டும் அதைச் சுவீகரிக்கலாம். ஒவ்வொரு கிரேட்டிலும் 'வொர்க்ஸ்பேஸ் ட்ரூ' என்று ஒரு வரி எழுத வேண்டும், தானாக வராது. புதிதாகச் சேர்த்த கிரேட்டில் இதை மறந்துவிட்டு, பூட்டு போட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டிருப்பது நடக்கிற காரியம்.

பூட்டு உங்கள் கோடுக்கு மட்டும். நீங்கள் இழுத்துவந்த லைப்ரரிகளுக்கு இந்தப் பூட்டு பொருந்தாது. அதற்கு ஏழாவது படி.

படி 5: அன்சேஃப் வேண்டியே வேண்டும் என்றால்

அதைத் தனிக் கிரேட்டில் வையுங்கள். மற்ற எல்லாக் கிரேட்டிலும் ஃபர்பிட் இருக்கட்டும். ரிவ்யூ செய்பவர் எங்கே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும் என்பது அப்போது தெளிவாகிவிடும்.

தனிக் கிரேட் ஏன்? அன்சேஃப் பிளாக் உள்ள ஐந்து வரியைப் படித்தால் போதாதா? போதாது. நீங்களே ஒரு சின்ன வெக் எழுதுகிறீர்கள் என்று கொள்ளுங்கள். 'நீளம்' என்று ஒரு ஃபீல்ட். படிக்கும் ஃபங்ஷன், நீளத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அன்சேஃப் பிளாக்கில் பாய்ண்டரைத் திறக்கிறது. அந்த பிளாக்கை ஆயிரம் முறை படித்தாலும் குற்றம் சொல்ல முடியாது. இப்போது அதே மாடியூலில் இன்னொருவர் ஒரு சாதாரண ஃபங்ஷன் எழுதி, நீளத்தில் 1-ஐக் கூட்டுகிறார். அன்சேஃப் என்ற சொல்லே அதில் இல்லை. எழுதவேண்டிய அவசியமும் இல்லை, ஒரு எண்ணைக் கூட்டுவது பாதுகாப்பான காரியம்தானே. ஆனால் உடைந்தது அன்சேஃப் பிளாக்கின் நம்பிக்கை. நீளம் என்ற ஃபீல்டை யாரெல்லாம் தொட முடியுமோ அவர்கள் எழுதியதெல்லாம் அன்சேஃப் கோடுதான், சொல் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ரஸ்டில் அந்த எல்லையைப் போடுவது மாடியூலின் தனியுரிமை. ஆகவே மாடியூலைச் சின்னதாக வையுங்கள், ஃபீல்டுகளைத் திறந்து வைக்காதீர்கள்.

அடுத்து, ஒவ்வொரு அன்சேஃப் பிளாக்குக்கும் மேலே 'சேஃப்டி' என்று தொடங்கும் குறிப்பு. "இது பாதுகாப்பானது" என்று எழுதினால் அது குறிப்பு ஆகாது. "இன்டெக்ஸ் < நீளம் என்று மூன்று வரிக்கு மேலே பார்த்தாயிற்று, நீளம் எப்போதும் கொள்ளளவுக்குள்தான்" என்பது குறிப்பு. கிளிப்பியின் 'அன்டாக்குமென்டட்_அன்சேஃப்_பிளாக்ஸ்' எச்சரிக்கையை இயக்கினால் குறிப்பில்லாத பிளாக்குகளைக் காட்டிக்கொடுக்கும். குறிப்பு உண்மையா என்பதை மனிதர்தான் பார்க்க வேண்டும்.

பழைய எடிஷன்களில் ஒரு விசித்திரம் இருந்தது. ஃபங்ஷனையே அன்சேஃப் என்று அறிவித்துவிட்டால் அதன் உடல் முழுவதும் ஒரு பெரிய அன்சேஃப் பிளாக் ஆகிவிடும். "என்னைக் கூப்பிடுபவர் கவனமாக இருக்கட்டும்" என்பதும் "உள்ளே நான் ஆபத்தான காரியம் செய்கிறேன்" என்பதும் இரண்டு வேறு வாக்குமூலங்கள். மொழி இரண்டையும் ஒன்றாகக் கட்டியிருந்தது. 2024 எடிஷனில் உள்ளே தனியாக பிளாக் போடாவிட்டால் எச்சரிக்கை வரும்.

அயல் மொழி ஃபங்ஷன்களின் கதை இதைவிடச் சுவாரசியம். சி லைப்ரரியில் உள்ள ஒரு ஃபங்ஷனை ரஸ்டில் அறிவிக்கும்போது, அதன் வடிவம் இப்படி என்று நாம்தான் சொல்கிறோம். தப்பாகச் சொன்னால் கம்பைலருக்குத் தெரிய வழியில்லை. இதே இடத்தில் டி மொழி ஒருமுறை பெரிய சர்ச்சையில் மாட்டியது. டி-யில் ஃபங்ஷன்கள் டீஃபால்ட்டாக 'சிஸ்டம்' வகை, அதாவது சோதனையற்றவை. பாதுகாப்பு வேண்டுமானால் 'சேஃப்' என்று நாமே எழுதவேண்டும். 2020-இல் அந்த மொழியைப் படைத்த வால்டர் பிரைட் இதைத் தலைகீழாக்க முன்மொழிந்தார். நோக்கம் நல்லது. ஆனால் அந்த முன்மொழிவில், உடலே இல்லாத சி அறிவிப்புகளும் எதுவும் எழுதாவிட்டால் சேஃப் என்றே கொள்ளப்பட்டன. கம்பைலர் பார்க்கவே முடியாத ஒன்றுக்கு நற்சான்றிதழ் கொடுப்பதா என்று எதிர்ப்பு கிளம்பி, ஏற்கப்பட்ட முன்மொழிவை அவரே திரும்பப் பெற்றார். எனக்கு எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம் படுகிறது. யாரும் பார்க்காததை 'பார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்தும் டீஃபால்ட் இருப்பதைவிட, டீஃபால்ட்டே இல்லாதிருப்பது மேல்.

ரஸ்ட் இதை எப்படிக் கையாள்கிறது என்றால், 2024 எடிஷனில் அயல் அறிவிப்புத் தொகுதியின் முன்னாலேயே அன்சேஃப் என்று எழுதியாக வேண்டும். இந்த அறிவிப்புக்கு நான் பொறுப்பு என்ற கையெழுத்து அது. உள்ளே ஒவ்வொரு ஃபங்ஷனும் டீஃபால்ட்டாக அன்சேஃப். எண்ணின் வர்க்கமூலம் தரும் ஃபங்ஷன் போல எந்த மதிப்பைக் கொடுத்தாலும் கெடுதல் இல்லாதவற்றை மட்டும் 'சேஃப்' என்று நாமே குறிக்கலாம்.

படி 6: மிரியை ஓட்டுங்கள்

அன்சேஃப் உள்ள கிரேட்டுக்கு மட்டும் இந்தப் படி. மிரி என்பது உங்கள் கோடை மெஷின் கோடாக மாற்றாமல், இடைநிலை வடிவத்தில் ஒவ்வொரு அடியாகத் தானே நடந்து பார்க்கும் கருவி. ஒவ்வொரு பாய்ண்டரும் எந்த மனையைச் சேர்ந்தது, அந்த மனை இன்னும் உயிரோடு இருக்கிறதா, படிக்கும் பைட் ஏற்கெனவே எழுதப்பட்டதா, முகவரி சரியான அலைன்மென்டில் இருக்கிறதா என்று கணக்கு வைத்திருக்கும்.

நைட்லியில் மிரியைச் சேர்த்துக்கொண்டு, 'கார்கோ +நைட்லி மிரி டெஸ்ட்' என்று ஓட்டுங்கள். டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். சாதாரண ஓட்டத்தைவிடப் பல மடங்கு மெதுவாகத்தான் போகும். லட்சம் தடவை சுற்றும் டெஸ்டுகளை மிரிக்காகச் சுருக்கி எழுதுங்கள். டெஸ்ட் தொடும் பாதையை மட்டும்தான் அது பார்க்கும், தொடாத பாதை பற்றி எதுவும் சொல்லாது. சி லைப்ரரிக்குள்ளும் பெரும்பாலும் நுழையாது. அங்கே நைட்லியின் அட்ரஸ் சானிடைசர் துணை.

மிரிக்கு முன்பே ஒரு இலவசச் சோதனை உண்டு. 2024 மே மாதம் வந்த 1.78-இலிருந்து, டீபக் பில்டில் ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் பல அன்சேஃப் ஃபங்ஷன்கள் தங்கள் நிபந்தனை மீறப்பட்டால் அங்கேயே நின்றுவிடும். பழைய கோடை ஒருமுறை டீபக்கில் ஓட்டிப் பாருங்கள், வருஷக்கணக்கில் தூங்கிய தப்பு ஒன்று எழுந்து வரலாம்.

படி 7: இழுத்துவந்த கிரேட்டுகள்

'கார்கோ ட்ரீ' போட்டு, வந்து சேர்ந்த கிரேட்டுகளின் பட்டியல் நீளத்தைப் பாருங்கள். 'கார்கோ ஆடிட்' உங்கள் பட்டியலை ரஸ்ட்செக் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, தெரிந்த ஓட்டைகளைச் சொல்லும். அதை ஒவ்வொரு பில்டிலும் ஓடவிடுங்கள். 'கார்கோ கைகர்' எந்தக் கிரேட்டில் எவ்வளவு அன்சேஃப் என்று எண்ணித் தரும். எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நன்றாகப் பராமரிக்கப்படும் ஒரு ஹேஷ் டேபிள் லைப்ரரியில் உள்ள இருநூறு அன்சேஃபைவிட, மூன்று வருடமாக யாரும் தொடாத கிரேட்டில் உள்ள இரண்டுதான் என் தூக்கத்தைக் கெடுக்கும்.

படி 8: கிடைக்காததையும் தெரிந்துகொள்ளுங்கள்

மெமரி கசிவதை ரஸ்ட் தடுக்காது. ஆர்சி-க்கள் (பலர் பகிரும் பாய்ண்டர்கள்) ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வட்டமடித்தால் விடுவிப்பே நடக்காது. அது வீண், ஆனால் பாதுகாப்பு மீறல் அல்ல. டெட்லாக்கையும் தடுக்காது. இரண்டு ம்யூடெக்ஸை (த்ரெட்டுகளுக்கான பூட்டு) இரண்டு த்ரெட் எதிரெதிர் வரிசையில் பூட்டினால் கம்பைலர் சிரித்துக்கொண்டே கடந்துபோகும்.

பேனிக் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 2025 நவம்பர் 18 அன்று ஏராளமான இணையத்தளங்களுக்கு முன்னால் நிற்கும் கிளவுட்ஃபிளேர் நிலைகுலைந்து, அந்தத் தளங்களில் பல பிழைப் பக்கம் காட்டின. அதன் ஒரு கண்ணி ரஸ்டில் எழுதப்பட்ட பிராக்சி. ஒரு அமைப்புக் கோப்பு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகிவிட்டது. 200 அம்சங்களுக்கு மேல் ஏற்கமாட்டேன் என்ற வரம்பு கோடில் சரியாகவே இருந்தது, பிழையையும் சரியாகவே திருப்பியது. அந்தப் பிழையின் மேல் ஒரு 'அன்ராப்' (பிழை வந்தால் பேனிக் ஆகிவிடு என்பது) இருந்தது. த்ரெட் பேனிக் ஆனது. ஒரு பைட் மெமரிகூடக் கெடவில்லை.

பேனிக் என்பது 'மேலே போனால் தப்பாகிவிடும், நிற்கிறேன்' என்பது. ரகசியம் கசிவதைவிட நிற்பது மேல், சந்தேகமில்லை. ஆனால் நிற்பதற்குப் பிறகு என்ன என்பதை மொழி சொல்லாது. வெளியிலிருந்து வரும் தரவு தொடும் பாதைகளில் கிளிப்பியின் 'அன்ராப்_யூஸ்ட்', 'இன்டெக்சிங்_ஸ்லைசிங்' இரண்டையும் இயக்குங்கள். கிரேட் முழுக்கப் போட்டால் டெஸ்ட் கோடிலெல்லாம் கூச்சல் கேட்கும்; பார்சர், நெட்வொர்க் மாடியூல்களில் மட்டும் போடுங்கள்.

படி 9: பழைய திட்டத்தை மாற்றும்போது

புதுத் திட்டத்துக்கு இதையெல்லாம் முதல் நாளே செய்துவிடலாம். ஐந்து வருடக் கோட் கையில் இருந்தால் வரிசை முக்கியம். முதலில் ஓவர்ஃப்ளோ வரியைச் சேர்த்து ரிலீஸ் பில்டில் டெஸ்டுகளை ஓட்டுங்கள். அடுத்து ஒவ்வொரு கிரேட்டிலும் ஃபர்பிட் போட்டுப் பாருங்கள்; கம்பைல் ஆகிவிட்டால் அப்படியே வைத்துவிடுங்கள், ஆகாதவைதான் உங்கள் உண்மையான பட்டியல்.

கடைசியாக எடிஷன் மாற்றம். 'கார்கோ ஃபிக்ஸ் --எடிஷன்' என்று ஓட்டினால் தேவையான இடங்களில் எல்லாம் அன்சேஃப் என்ற சொல்லை அதுவே போட்டுவிடும்: அயல் அறிவிப்புகளின் முன், அன்சேஃப் ஃபங்ஷன்களின் உடலைச் சுற்றி. எந்திரம் போட்ட கையெழுத்து அது, யாரும் படித்துப் போட்டதல்ல. அந்த மாற்றத்தைத் தனிக் கமிட்டாக வைத்து, ஒவ்வொரு இடமாகப் போய்ப் பாருங்கள்.

என்விரான்மென்ட் வேரியபிளை மாற்றும் 'செட்_வார்' உங்கள் கோடில் இருந்தால் அங்கே ஒரு சின்ன விருந்தாளியும் இருப்பார். வருஷக்கணக்கில் சேஃப் என்று இருந்த ஃபங்ஷன் அது. யுனிக்ஸ் மெஷின்களில் ஒரு த்ரெட் மாற்றும்போதே சி லைப்ரரிக்குள் இன்னொரு த்ரெட் பூட்டில்லாமல் படித்துக்கொண்டிருக்கலாம் என்பதால், 2024 எடிஷனில் அதை அன்சேஃப் ஆக்கினார்கள். தானியங்கி மாற்றம் அந்த வரியைச் சுற்றி அன்சேஃப் போடுவதோடு, ஒரே ஒரு த்ரெட் ஓடும் நேரத்தில்தான் இது நடக்கிறதா என்று சரிபார்க்கச் சொல்லி 'டுடூ' குறிப்பு ஒன்றையும் எழுதிவைக்கும். அவசரத்தில் அந்தக் குறிப்பை அழித்துவிட்டு மெர்ஜ் செய்யாதீர்கள். 'மெயின்' ஃபங்ஷனின் முதல் வரிகளில், த்ரெட் எதுவும் பிறக்குமுன் அந்த அழைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டுடூவை அழித்து அந்த இடத்தில் சேஃப்டி குறிப்பு எழுதுங்கள். இல்லையென்றால் அழைப்பை அங்கே நகர்த்துங்கள்.